நாப்பத்திரண்டு வரி

கம்ப்யூட்டர் வேலைன்னு சொன்னா அடுத்து எல்லாரும் ஒரே கேள்விதாங்க கேப்பாங்க. எங்க ஊட்டு பிரிண்டர் வேலை செய்யல, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறீங்களான்னு. நீங்க அதைக் கேக்காம, எதுக்கு வேலையை விட்டீங்கன்னு கேட்டீங்க பாருங்க, அதுக்காகவே உங்ககிட்டச் சொல்லலாம். நான் விடலீங்க. அனுப்பிட்டாங்க. பேக்கு மடியிலயே இருக்கட்டுங்க, மேல வெச்சா பஸ் குலுக்கறதுல ஆடும், உள்ள லேப்டாப் இருக்குது.

எனக்கு இப்ப இருக்கறது கோபம்னு நெனச்சுக்காதீங்க. கோபம்னா ஒரு டீ குடிச்சா ஆறிடும். இது அருவருப்பு. மனுஷங்க மேலயே வந்த அருவருப்பு. பதினாலு வருஷம் ஒரே எடத்துல வேலை பாத்தவனுக்கு ஒரு லெட்டர் குடுத்தாங்க. அதுல என்ன எழுதியிருக்குது தெரியுங்களா? 'பிறர் பொருளில் அனுமதியின்றித் தலையிட்டமை.' நான் தலையிட்டேனாம். நாத்தம் புடிச்ச எடத்தைக் கூட்டிப் பெருக்கினவனுக்கு இந்தப் பேரு. நாச்சிமுத்துங்கற என் பேருக்குப் பக்கத்துலயே அதை டைப் அடிச்சிருக்காங்க.

கம்பெனி பீளமேட்டுலங்க. சின்னதுதான். எட்டுப் பேரு, ஒம்பது மெஷினு. என்ன பண்றாங்கன்னா, தொண்டைல புத்து வந்து குரல்வளையையே எடுக்கோணும்னு டாக்டர் சொல்லிடறாங்க பாருங்க, அந்த மாதிரி ஆளுங்க ஆபரேஷனுக்கு முன்னாடி எங்ககிட்ட வருவாங்க. சொவரெல்லாம் ஸ்பாஞ்சு ஒட்டின ரூம்ல உக்கார வெச்சு ஆயிரத்து இருநூறு வாக்கியம் படிக்கச் சொல்லுவோம். ரெண்டு நாள் ஆகும். அதை வெச்சு அவங்க குரல் மாதிரியே ஒரு குரல் செய்வோம். ஆபரேஷன் முடிஞ்சு பேச்சு போனப்புறம், போன்ல எழுதினா போன் அவங்க குரல்லயே பேசும். நல்ல வேலைங்க. வேலையை நான் குத்தம் சொல்லல. அங்க வேலை செய்யற ஆளுங்களைச் சொல்றேன்.

மெஷினுங்களைப் பாத்துக்கறது என் வேலை. ஒவ்வொருத்தரு மெஷின்லயும் கண்ணுக்குத் தெரியாத சில ஃபைல் இருக்கும். பேருக்கு முன்னாடி ஒரு புள்ளி வெச்சுட்டா மெஷின் அதை மறைச்சு வெச்சுக்கும். உங்க மெஷின் உங்ககிட்ட எப்படி நடந்துக்கோணும்னு அதுலதான் எழுதி வெக்கறது. நீளநீளமான கமாண்டையெல்லாம் ரெண்டு எழுத்தாச் சுருக்கி வெச்சுக்கலாம். மத்தவன் அரை நிமிஷம் தட்டிட்டிருப்பான், நீங்க ரெண்டு தட்டு, வேலை முடிஞ்சுது. என்கிட்ட அந்த மாதிரி முன்னூத்திப் பன்னெண்டு சுருக்கம் இருக்குது. பதினாலு வருஷத்துல ஒவ்வொண்ணாச் சேத்தது.

சேத்தா மட்டும் போதுங்களா? காப்பாத்தோணுமில்ல? அதுக்கு கிட்டுன்னு ஒரு புரோகிராம் இருக்குதுங்க. ஒரு வரியை மாத்தினா, ஆரு மாத்தினது, எப்ப மாத்தினது, எதுக்கு மாத்தினதுன்னு எழுதி வெச்சுக்கும். பத்து வருஷம் கழிச்சு வந்து அன்னைக்கு மத்தியானம் இருந்த வரியைக் குடுன்னா குடுக்கும். அதுல போட்ட எதுவும் சாகாது. ஏனுங்க, மனுஷன் இந்த மாதிரி இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்?

ஆனா மத்தவங்க மெஷினைப் பாக்கோணுமே. கண்றாவி. எதையோ எங்கிருந்தோ இன்டர்நெட்டுல காப்பி அடிச்சு ஒட்டியிருப்பானுக. எதுக்குன்னு கேட்டா தெரியாது. 'ஃபைனல்', 'ஃபைனல் ரெண்டு', 'இதுதான் ஃபைனல்'னு ஒரே ஃபைல் மூணு எடத்துல கெடக்கும். அவங்க மெஷின்ல உக்காந்து ஏதாச்சும் சரி பண்ணோணும்னா எனக்குக் கொமட்டும். அடுத்தவன் பல்லு வெளக்கின பிரஷ்ஷை வாயில வெச்ச மாதிரி. நெசமாத்தாங்க, ஒருக்கா எந்திரிச்சுப் போய் கையைக் கழுவிட்டு வந்தேன்.

அதுக்குத்தான் ஒரு முடிவு எடுத்தேன். என்னோட ஏற்பாட்டையே ஒவ்வொரு மெஷினாப் போட ஆரம்பிச்சேன். காலைல ஒம்பது மணி ஆனா அந்த மெஷினெல்லாம் என் கிட்டுல இருந்து புதுசா என்ன மாறியிருக்குதுன்னு கேட்டு, தானே எடுத்துப் போட்டுக்கும். நான் ஒரு சுருக்கத்தை என் மெஷின்ல மாத்தினா மத்தவங்களுக்கும் மாறிடும். ஆரும் கேக்கல. கேக்கறதுக்கு அவங்களுக்கு என்ன தெரியும்? மொத ரெண்டு வாரம் மொணமொணன்னாங்க. அப்புறம் பழகிட்டாங்க.

ஒருத்தி மட்டும் ஒத்துக்கல. தமயந்தி.

தமயந்தி ரெக்கார்டிங் பாக்கறவ. ஸ்பாஞ்சு ரூமுக்கு வெளிய கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து, படிக்கறவங்களைப் பதமாப் படிக்க வெச்சு, வாக்கியம் வாக்கியமா வெட்டி வெக்கறது அவ வேலை. என் வயசுதான் இருக்கும், நாப்பத்தஞ்சு. வேலைல சுத்தம், இல்லன்னு சொல்லமாட்டேன். மெஷின்லதான் அசிங்கம். 'சார், என்னோடது என்கிட்டயே இருக்கட்டுங்க சார். என் கைக்கு அதுதான் தெரியும்'னு சொல்லிட்டா. மொதலாளி ஜெயசீலன் சாரும், விடுங்க நாச்சிமுத்து, அவங்க இஷ்டம்னுட்டாரு. ஒம்பது மெஷின்ல எட்டு ஒரே மாதிரி, ஒண்ணு மட்டும் தனியா. அதை நெனச்சா எனக்குச் சோறு எறங்காது.

அவ தங்கச்சி கண்ணாலத்துக்கு நாலு நாள் லீவு போட்டா. திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும். நான் தெறந்து பாத்தேன். எல்லா மெஷினையும் தெறக்கற அதிகாரம் எனக்கு இருக்குதுங்க, திருட்டுத்தனம் இல்ல. அவளோட புள்ளி ஃபைல்ல மொத்தம் நாப்பத்திரண்டு வரி. நாப்பத்திரண்டே வரி, அத்தனையும் அழுக்கு. ஒரு வரிக்கு மேலயாச்சும் இது எதுக்குன்னு ஒரு குறிப்பு இருக்கோணுமே, கெடையாது. மெஷினுகளுக்கு வெச்ச பேரைக் கேளுங்க. மெதுவா ஓடற சர்வருக்கு 'பெரியத்தை'. சும்மாச் சும்மா நின்னு போறதுக்கு 'சின்னத்தை'. ஆபீஸ்ல இது ஒரு வெளையாட்டா?

அதெல்லாம் கூடப் போகட்டும். ஒரு வரி இருந்துதுங்க.

நாங்க கமாண்டு தட்டற எடத்துல ரெண்டு எழுத்து அடிச்சா ஃபைல் போயிடும். போயே போயிடும். உங்க கம்ப்யூட்டர்ல இருக்கற மாதிரி திரும்ப எடுக்கறதுக்குக் குப்பைத்தொட்டியெல்லாம் கெடையாது. தமயந்தி என்ன பண்ணியிருக்கான்னா, அந்த ரெண்டு எழுத்துக்கே ஒரு மாத்து போட்டு வெச்சிருக்கா. அழின்னு சொன்னா மெஷின் அழிக்காது. 'கூடை'ன்னு ஒரு ஃபோல்டர் வெச்சு, அதுக்குள்ள தூக்கிப் போட்டு வெச்சுக்கும். அழின்னா அழிக்கோணுமா, ஒளிச்சு வெக்கோணுமா? வாய் ஒண்ணு சொல்றது, கை ஒண்ணு செய்யறது. எனக்கு அந்த மாதிரி ஆளுங்களையே புடிக்காது, அந்த மாதிரி மெஷின் மட்டும் புடிக்குமா?

அதை அவ எதுக்கு வெச்சிருந்தான்னு கேளுங்க. வெள்ளிக்கெழமை மத்தியானம் ஆனா அவளுக்கு ஒரு பழக்கம். வாரம் பூரா வேலை செஞ்ச ஃபோல்டரை மொத்தமா, ஒண்ணு விடாம, கூடைக்குள்ள தள்ளிடுவா. அப்புறம் கூடையைத் தெறந்து வெச்சுக்கிட்டு, வேணுங்கறதை மட்டும் ஒவ்வொண்ணாத் திரும்ப எடுத்து வெப்பா. ஒருக்கா எதுக்கு இப்படிப் பண்றேன்னு கேட்டேன். 'போகிக்கு ஊட்டுச் சாமானை எல்லாம் வாசல்ல எடுத்துப் போட்டுட்டு, வேணுங்கறதை மட்டும் உள்ள எடுத்து வெக்கமாட்டீங்களா சார், அந்த மாதிரிதான். கையில எடுத்துப் பாத்தாத்தான் எது வேணும்னு தெரியுது'ன்னா. குப்பைல போட்டுக் குப்பைல இருந்து பொறுக்கி எடுக்கறதுக்கு இப்படி ஒரு வெளக்கம்.

நான் எடுத்துட்டேன். நாப்பத்திரண்டு வரியையும் எடுத்துட்டு என்னோட ஏற்பாட்டைப் போட்டுட்டேன். தூக்கிப் போட்டுட்டேன்னு நெனைக்காதீங்க, எனக்கும் அவளுக்கும் அதுதான் வித்தியாசம். பத்திரமா கிட்டுல ஏத்தி, 'தமயந்தி, பழைய குப்பை'ன்னு குறிப்பு எழுதி, தேதி நேரத்தோட வெச்சிருக்கேன். ஒரு கமா கூடச் சாகல. அவகிட்டச் சொல்லலையான்னு எல்லாரும் கேக்கறாங்க. மெயில் போட்டிருக்கேன். எட்டுப் பேருக்கும் போன மெயில்ல, மூணாவது பக்கத்துல, தெளிவா இருக்குது. கண்ணால வேலைல இருக்கறவ மெயில் பாக்கலைன்னா அது என் தப்புங்களா?

என் ஏற்பாட்டுல அந்த ரெண்டு எழுத்து கேள்வி கேக்காம அழிக்கும். ஃபோல்டரா இருந்தாலும் சரி, உள்ள என்ன இருந்தாலும் சரி. நெசமாவான்னு கேக்கற மெஷினைக் கண்டா எனக்குப் புடிக்காது. அழிக்கறவனுக்குத் தெரியோணும், என்ன அழிக்கறோம்னு.

வெள்ளிக்கெழமை வந்தா. கையில மருதாணி வெச்சிருந்தா, எல்லாத்துக்கும் லட்டு குடுத்தா, எனக்கும் ரெண்டு குடுத்தா. மூணு மணிக்கு அவ பழக்கப்படி அந்த ரெண்டு எழுத்தை அடிச்சு மொத்தத்தையும் தள்ளினா. மூணரைக்கு பேக்கப் ஓடுச்சு. பேக்கப்பும் நான் எழுதினதுதாங்க. கண்ணாடி மாதிரி. இந்த மெஷின்ல இருக்கறது அந்த மெஷின்ல இருக்கும், இங்க இல்லாதது அங்கயும் இருக்காது. ஏழு வருஷமா ஒரு நாள் கூடத் தவறினதில்ல. அன்னைக்கும் சரியா ஓடுச்சு.

நாலு மணி இருக்கும். என் சீட்டுக்கிட்ட வந்து நின்னா.

'சார், என் கூடை எங்க சார்?'

'கூடையெல்லாம் எதுக்கு தமயந்தி? சுத்தம் பண்ணிட்டேன். மெயில் பாக்கலியா?'

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காரும்மான்னேன். உக்காரல. மருதாணிக் கையில மேஜை ஓரத்தைப் புடிச்சுக்கிட்டே நின்னா. அப்புறந்தான் சொன்னா, அந்த ஃபோல்டர்ல பதினோரு பேரோட ரெக்கார்டிங் இருந்துதுன்னு. வெட்டி முடிச்சு, குரல் செய்யறதுக்குக் குடுக்க வேண்டியது.

ரெக்கார்டிங் ரூம் மெஷின்ல இருக்குமேன்னு கேப்பீங்க. இருக்காதுங்க. அதை நான் வியாழக்கெழமை வியாழக்கெழமை தொடைச்சிடுவேன். அழிஞ்சதை மீட்டுக் குடுப்பாங்களான்னு டிஸ்க்கைக் கழட்டி சென்னைக்கு அனுப்பினோம். அங்க இருக்கறவங்க பத்து நாள் வெச்சிருந்துட்டு, இவ்வளவு சுத்தமா அழிச்சிருக்கீங்களே, ஆரு பண்ணினதுன்னு கேட்டாங்களாம். தொழில் தெரிஞ்சவங்க. அவங்களுக்குப் புரிஞ்சுது.

பத்துப் பேரைத் திரும்பக் கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. அவங்களுக்கு ஆபரேஷனுக்கு இன்னும் நாள் இருந்துது. பாவம், தொண்டை வலியோட மறுபடியும் ஆயிரத்து இருநூறு வாக்கியம். ஒருத்தருக்கு மட்டும் முடியல. சென்னியப்பன்னு பேரு. கோபிப் பக்கம் வாழைத்தார் மண்டில ஏலம் விடறவரு, முப்பது வருஷமா. அவருக்கு அந்த வாரம் புதன்கெழமையே குரல்வளையை எடுத்துட்டாங்க. இவ வெள்ளிக்கெழமை அழிக்கறா. அந்த மனுஷன் குரல் உலகத்துல இருந்தது அந்த ஒரு ஃபோல்டர்லதான்.

சரி, நடந்தது நடந்துடுச்சு. ஜெயசீலன் சார் கூப்பிட்டுக் கேட்டாரு. நான் கிட்டைத் தெறந்து காட்டினேன். நான் செஞ்சது ஒவ்வொண்ணும் தேதியோட, நேரத்தோட, காரணத்தோட இருக்குது. அவ செஞ்சதுக்கு என்ன இருக்குது? ஒண்ணும் கெடையாது. அந்த எடத்துலயே, அவ கண்ணு முன்னாடி, ஒரு செகண்டுல அந்த நாப்பத்திரண்டு வரியையும் எடுத்து அவ மெஷின்ல திரும்பப் போட்டேன். 'இந்தா தமயந்தி, உன்னோடது. ஒரு எழுத்துக் கொறையுதான்னு பாத்துக்க'ன்னேன்.

'வரி எனக்கு வேண்டாம் சார். அவரு?'ன்னா.

அவருக்கு நான் என்ன பண்ணுவேன்? அவரை ஆரு கிட்டுல போட்டாங்க?

என்னங்க, தண்ணி வேணுங்களா? இந்தாங்க. ஏன் அப்படிப் பாக்கறீங்க? இனிமேத்தான் இருக்குது அசிங்கம்.

ஒரு செவ்வாக்கெழமை பதினொரு மணிக்கு அவரும் அவரு சம்சாரமும் வந்தாங்க, குரலை வாங்கிட்டுப் போறதுக்கு. அந்தம்மா பேரு பாவாயி. கையில ஒரு சீப்பு கதலி, ஆபீஸ்ல இருக்கறவங்களுக்குன்னு கொண்டு வந்திருந்தாங்க. அவரு கழுத்துல துணி கட்டியிருந்துது, மடியில ஒரு சிலேட்டு. போன்ல சொல்லாம நேர்ல சொல்லலாம்னு ஜெயசீலன் சார் வரச் சொல்லியிருக்காரு. சொல்ல வந்தவரு சொல்லாம, ஊர்ல மழையா, பஸ்ல உக்கார எடம் கெடைச்சுதான்னு கேட்டுட்டு இருக்காரு. எனக்கு அந்த மாதிரி இழுக்கறது புடிக்காது. நானே சொல்லிடலாம்னு எந்திரிச்சேன். அப்பப் பாத்து என் மெஷின்ல ஒரு வேலை முடிஞ்சுது.

இங்க ஒண்ணு சொல்லோணும். என் ஏற்பாட்டுல, நீளமா ஓடற வேலை ஏதாச்சும் முடிஞ்சா மெஷின் ஒரு சத்தம் குடுக்கும். முன்னாடி மணி மாதிரி வெச்சிருந்தேன். சென்னியப்பன் படிக்க வந்தப்ப, ஒவ்வொரு வாக்கியம் படிச்சு முடிச்சதும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தமயந்தியைப் பாத்து 'ஆச்சுங்களா?'ன்னு கேப்பாரு. ஆயிரத்து இருநூறு தடவை கேட்டிருப்பாரு. ஏலம் விட்ட தொண்டைங்க, என்னதான் சீக்கு வந்தாலும் கணீர்னு இருக்கும். அதெல்லாம் தேவையில்லாத சத்தம்னு தமயந்தி வெட்டிப் போட்டுட்டா. நான் அதுல ஒண்ணை எடுத்து, வேலை முடிஞ்சா வர்ற சத்தமா வெச்சுட்டேன். பொருத்தமா இருந்துது. கிட்டுல ஏத்தினேன், மறுநாள் ஒம்பது மணிக்கு எல்லா மெஷினுக்கும் போயிடுச்சு. தமயந்தி மெஷினுக்கு மட்டும் போகல.

அந்தச் சத்தம் வந்துது. 'ஆச்சுங்களா?'

அவரு நிமிந்தாரு. அந்தம்மா கையில இருந்த வாழைப்பழத்தை அப்படியே கீழ வெச்சுட்டு, 'ஆச்சுங்க'ன்னுட்டாங்க. தன்னை அறியாமச் சொல்லிட்டாங்க. அப்புறம் முந்தானையை எடுத்து வாயில வெச்சுக்கிட்டாங்க. பக்கத்து மேஜைல இன்னொரு மெஷினு. அதுவும் 'ஆச்சுங்களா?' அவரு ஒவ்வொரு மெஷினாத் திரும்பித் திரும்பிப் பாக்கறாரு. தான் எங்க இருக்கோம்னு தேடற மாதிரி. எனக்கும் என்னமோ பண்ணிச்சுங்க, இல்லன்னு சொல்லல. சிலேட்டுல எழுதிக் காட்டினாரு, 'இன்னொருக்கா'ன்னு.

நான் போட்டேன். மறுபடியும் எழுதாம வெரலைக் காட்டினாரு. மறுபடியும் போட்டேன். எத்தனை தடவைன்னு நான் எண்ணல, மெஷின் எழுதி வெச்சிருக்குது. நாப்பத்தோரு தடவை. அவரு ஒதடு கூடவே அசைஞ்சுது. தமயந்தி எந்திரிச்சு வெளிய போயிட்டா. ஜெயசீலன் சார் சொவரைப் பாத்துட்டு இருந்தாரு. அப்புறம் நான்தான் அவங்ககிட்டச் சொன்னேன், 'மத்தது போயிடுச்சுங்க, இது மட்டுந்தான் இருக்குது'ன்னு.

அந்தம்மா கத்துவாங்கன்னு பாத்தேன். கத்தல. 'எம்பட ஊட்டுக்காரரு கொரலுங்க தம்பி அது. அதையாச்சும் எங்களுக்குக் குடுத்துருங்க'ன்னாங்க. அவ்வளவுதான்.

இதுக்கு என்ன பண்ணியிருக்கோணும்? எனக்கு நன்றி சொல்லியிருக்கோணும். அந்த மனுஷன் குரல்னு இன்னைக்கு மிச்சம் இருக்கற ஒரே வார்த்தை என்னாலதான் இருக்குது, நான் கிட்டுல வெச்சதாலதான் இருக்குது. ஆனா லெட்டர் குடுத்தாங்க. சீக்காளி குரலைக் கேக்காம எடுத்து மணி அடிக்கறதுக்கு வெச்சியாடான்னாரு ஜெயசீலன் சார். பதினாலு வருஷத்துல மொத தடவை 'டா' போட்டாரு. அருவருப்பா இருக்குதுன்னாரு. அவருக்கு அருவருப்பாம். என்னைப் பாத்து.

இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க, அன்னைக்கே நடந்தது. அந்த 'ஆச்சுங்களா'வை அந்தம்மா போன்ல ஏத்தித் தரலாம்னு வாங்கினேன். ஏறல. எடமில்லைங்குது. உள்ள போய்ப் பாத்தா, அடேயப்பா, அந்த மாதிரி ஒரு குப்பையை நான் ஆபீஸ்லயே பாத்ததில்ல. அவருக்கு எழுத வேகமா வராதாம். மண்டில இருந்து ஊட்டுக்குச் சொல்றதெல்லாம் பேசிப் பேசியே அனுப்பியிருக்காரு. நாலு வருஷமா. ஆயிரத்து எழுநூத்திச் சொச்சம் வாய்ஸ் மெசேஜ். 'பாவாயி, இன்னைக்கு நேரமாகும்.' 'பாவாயி, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டியா?' 'ஒறம்பரை வந்திருக்காங்க, ரெண்டு பேருக்குச் சேத்து ஒலை வெய்யி.' அந்தம்மா ஒண்ணைக் கூட அழிக்கல. நாலு வருஷத்துக்கு முன்னாடி மாட்டுக்குத் தண்ணி காட்டினா என்ன, காட்டாட்டி என்ன?

மொத்தமாத் தேர்ந்தெடுத்து அழிக்கப் போனேன். அந்தம்மா பாஞ்சு வந்து போனைப் புடுங்கிட்டாங்க. நகம் பட்டுடுச்சு, இங்க பாருங்க, கோடு. ஊட்டுச் சங்கதி அடுத்தவன் கேக்கறானேன்னு வெக்கம் போல. நான் பெருசா எடுத்துக்கல.

தமயந்தி உள்ள வந்தா. கண்ணெல்லாம் செவந்து கெடந்துது. அந்தம்மா கிட்ட ஒண்ணு ரெண்டைப் போடச் சொல்லிக் கேட்டா. கேட்டுட்டு, 'சார், இதை வெச்சே அவரு குரலைப் பண்ணிப் பாக்கலாம் சார். ரொம்பச் சுத்தமா வராது. ஆனா அவரு மாதிரி வரும்'ன்னு ஜெயசீலன் சார்கிட்டச் சொல்றா. அதுல என்ன இருக்குது? லாரி ஹாரன் இருக்குது, தார் தூக்கறவன் கத்தறது இருக்குது, எவனோ காறித் துப்பறான், அதுகூட இருக்குது. அந்த அழுக்குல இருந்து ஒரு மனுஷனுக்குக் குரல் செய்வாளாம். என்கிட்ட ஸ்டுடியோல எடுத்த ஒரு வார்த்தை, பளிச்சுன்னு, கண்ணாடி மாதிரி இருக்குது. அது வேண்டாமாம். வர்ற ஞாயித்துக்கெழமை அவங்க ஊட்டுக்குப் போய் அத்தனையும் காப்பி எடுக்கப் போறாளாம். அந்தம்மாவேதான் போன்ல சொன்னாங்க.

அதுக்குத்தான் இன்னைக்கே அவங்க ஊருக்குக் கெளம்பிட்டேன். ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்குதில்ல? அதுக்குள்ள போய் அந்த போனை மொத்தமா வழிச்சுத் தொடைச்சு, என் கையாலயே அந்த ஒரு குரலை ஏத்தி, எங்க தட்டினாலும் வர்ற மாதிரி ஒரு சுருக்கம் போட்டுக் குடுத்துட்டு வந்துட்டேன்னா, அப்பத் தெரியும் எல்லாத்துக்கும், ஆரு தொழில் தெரிஞ்சவன்னு. எனக்கு வேலை திரும்ப வேண்டாம். பேரு திரும்ப வேணும்.

என்னங்க? அது அவரு குரல்தானேவா? அதுதான் சொன்னேனே, இரைச்சலுங்க. உபயோகமில்லாதது. நீங்களும் தமயந்தி மாதிரியே பேசறீங்க. சாயங்காலம் ஆனா அந்த மனுஷன் தனியா உக்காந்துக்கிட்டு, போனைக் காதுல வெச்சு ஒவ்வொண்ணாக் கேட்டுட்டு இருக்காராம். தான் பேசினதைத் தானே கேக்கறதுங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டினியா, ஒலை வெச்சியான்னு. எவ்வளவு அசிங்கமான பழக்கம். கேட்டப்பவே எனக்கு ஒடம்பு கூசிடுச்சு.

காலைல பஸ் ஏறினதும் அந்தம்மாவுக்குச் சொன்னேன், வந்துட்டிருக்கேன், போனை மட்டும் சார்ஜ் போட்டு வெய்யுங்கன்னு. 'வேண்டாம் தம்பி, நீங்க வரவேண்டாம், போனுக்கு ஒண்ணும் ஆகலை'ன்னாங்க. கூச்சப்படறாங்க. அட, எனக்கு என்ன செரமம், இதோ வந்துட்டேன்னு சொன்னேன். அப்புறம், அப்படின்னா வாங்க, நான் வாசல்லயே நிக்கறேன்னாங்க. கூடப் பொறந்தவங்க நாலு பேரையும் தோட்டத்துல இருந்து வரச் சொல்லியிருக்காங்களாம், எல்லாரும் வாசல்லயே நிப்பாங்களாம். பதினாலு வருஷம் வேலை செஞ்ச எடத்துல, போயிட்டு வான்னு சொல்ல ஒருத்தன் எந்திரிக்கல. இங்க பாருங்க, முன்னப் பின்ன தெரியாத ஒரு குடும்பமே எனக்காக வாசல்ல நிக்குது.